பீப்பியின் முன்பல்

பல் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு முன்பல் உடைந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வருகிறவர்கள்கூட, வரவேற்பு மேசையில் அவள் உட்கார்ந்து சிரித்ததும் வலியை மறந்து அந்தப் பல்லையே பார்த்தார்கள். "டாக்டரம்மா, முதல்ல உங்க பொண்ணுக்குப் பாருங்க, அப்புறம் எங்களுக்குப் பாக்கலாம்" என்று கேலி செய்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். ஆள் போனதும் அந்தச் சிரிப்பும் போய்விடும்.

உடைந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. மேல்வரிசையில் வலப்பக்க முன்பல்லின் ஓரம் சாய்வாகக் கொஞ்சம் போயிருந்தது. பள்ளிக்கூட மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கி இறங்கியபோது நடந்த வீரச்செயல் அது. அம்மா அன்றைக்கே ஒட்டிவிடத்தான் பார்த்தாள். மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவளால் பெற்ற மகளின் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. வளர்ந்தால் தானாகக் கேட்பாள் என்று விட்டுவிட்டு, ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டாள். போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்க வேண்டும்.

பள்ளி பேண்டில் அவள் கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்த வருடத்திலிருந்து தெருவில் எல்லோருக்கும் அவள் பீப்பி. ஆரம்பத்தில் அது வசவு. எதிர்வீட்டுக்காரர் தூக்கம் கெட்ட கோபத்தில் வைத்த பெயர். அவளோ அதைப் பட்டம் வாங்கியதுபோல் வாங்கிக்கொண்டாள். யாராவது மறந்துபோய் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் போய்விடுவாள்.

கீழே கிளினிக், மேலே வீடு. வைத்தியம் பார்க்கும் அறைக்கு நேர் மேலே பீப்பியின் அறை. காலையிலும் சாயங்காலமும் மேலே ட்ரம்பெட், கீழே பல் துளைக்கிற மெஷின். "சத்தத்தைக் குறைக்கச் சொல்லு" என்று அம்மா நர்ஸக்காவை மாடிக்கு அனுப்புவாள். நர்ஸக்கா மேலே போய்க் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சொல்லிட்டேன் டாக்டர்" என்று கூசாமல் வந்து சொல்லுவாள்.

அம்மாவின் கணக்கு வெகுகாலமாகத் தயாராக இருந்தது. வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் தன் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் காலியாக விட்டுத்தான் எழுதவே சொல்லியிருந்தாள். மகளும் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தாள். அதுதான் வயிற்றெரிச்சல். மார்க்கு வாங்காமல் வெளியே வந்திருந்தால் அம்மாவின் மனசு ஆறியிருக்கும். நல்ல கை, நிதானமான கை என்று கல்லூரியில் பெயர் வாங்கிய பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்றாள்.

"பல்லு புடிக்கலையா?" என்று கேட்டாள் அம்மா.

"புடிக்காம இல்லம்மா. ஊதறது அதைவிடப் புடிக்குது."

"அதைவிடன்னா?"

"காலேஜ் போற நாள்லாம் ஊதாத நாளாப் போயிடுது. அப்படியே வயசாயிடுமோன்னு பயமா இருக்கு."

"ஊதறது ஒரு தொழிலாடி? ஒருநாள் உதடு வெடிச்சா அன்னிக்கு என்ன பண்ணுவ?"

"தைலம் தடவிட்டு மறுநாள் ஊதுவேன்."

இப்படிப் பேசுகிறவளை என்ன செய்ய முடியும்? திமிர் என்றும் சொல்ல முடியாது. குரலை உயர்த்தாமல், முகத்தைச் சுளிக்காமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தன் வாசிப்பைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கடற்கரை ஹோட்டலில் வார இறுதிகளில் நடனக் குழுவோடு வாசித்தாள், யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர்களுக்குப் பதில் போய் வாசித்தாள், மீதி நேரமெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். அப்பா பூகோள ஆசிரியர். அவருக்கென்று இந்த விஷயத்தில் தனிக் கருத்து கிடையாது. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கட்சி.

ஒரு வருடம் அம்மாவும் மகளும் சாப்பாடு, சாவி, குழாய் ரிப்பேர் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. அப்போதுதான் நகரத்துப் பெரிய நாடக அரங்கின் இசைக்குழுவில் ட்ரம்பெட்டுக்கு ஓர் இடம் காலியானது. நிரந்தர வேலை. இந்த மாதிரி இடம் காலியாவது அபூர்வம். ஆடிஷனுக்குப் பீப்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா ஒப்பந்தம் பேசினாள். கிடைத்தால் அவள் வழிக்கே வருவதில்லை. கிடைக்காவிட்டால் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவளுடைய இடத்தை இந்தப் பருவம் முடியும்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்படி அம்மா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

"சரி" என்றாள் பீப்பி. யோசிக்கக்கூட இல்லை.

ஆடிஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் தட்டை எடுத்துவைத்துக்கொண்டே அம்மா சொன்னாள், "மேடையில உக்காரப் போறவ. அந்தப் பல்லையாவது சரி பண்ணிக்கோயேன்."

பீப்பிக்குப் பல் காதில் விழவே இல்லை. மேடையில் உட்காரப் போகிறவள் என்று அம்மா வாயால் கேட்டதுதான் விழுந்தது. ஒரு வருடத்துப் பனி ஒரே நிமிடத்தில் உருகினால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? எழுந்து அம்மாவின் பின்னாலேயே படியிறங்கிப் போய், சின்ன வயதில் எதற்கு அடியில் ஒளிந்தாளோ அந்த நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, "ஆ" என்று வாயைத் திறந்தாள்.

அம்மாவுக்குக் கை பரபரத்தது. இத்தனை வருடம் கண் முன்னாலேயே கிடந்து உறுத்திய வேலை. உடைந்த விளிம்பைப் பதமாகத் தேய்த்தாள். பல்லின் நிறத்துக்கு ஏற்ற பசையைத் தேடித் தேடி எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, மறுபடி வைத்தாள். இடையில் ஏதோ ஒரு மெட்டைக்கூட முணுமுணுத்தாள். முடிந்ததும் மகளின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் பிடித்த தாடையை விடவில்லை. கண்ணாடியில் தெரிந்த பல் அத்தனை அழகு, எது ஒட்டியது எது பிறந்தது என்று நர்ஸக்காவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

பீப்பி மாடிக்குப் போய் ட்ரம்பெட்டை எடுத்து ஊதினாள். காற்றுதான் வந்தது.

நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்த களைப்பு என்று நினைத்தாள். சாயங்காலம் ஊதினாள். ஸ்வரம் வந்தது, ஆனால் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. உச்சிக்குப் போனால் பல்லிளித்தது. மறுநாள் வால்வுகளைக் கழற்றி எண்ணெய் போட்டாள். மவுத்பீஸை மாற்றினாள். கருவியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதற்கு மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று யோசித்தாள். யோசிக்கும்போது அவளுடைய நாக்கு எப்போதும் அந்த உடைந்த ஓரத்தைத் தேடிப் போகும். அன்றும் போனது. அங்கே வழவழவென்று ஒரு சுவர் இருந்தது.

ட்ரம்பெட்டை முதன்முதலாக வாயில் வைத்தபோதே அந்தப் பல் உடைந்துதான் இருந்தது. உதடு அந்தச் சாய்வில் பதிந்து பதிந்துதான் ஊதவே கற்றுக்கொண்டது. காற்று திரும்பி வெளியேறுகிற வாசல் அது. அந்த வாசலை அம்மா அடைத்துவிட்டாள், இவளும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

கீழே ஓடினாள். ஒரு நோயாளி அப்போதுதான் எழுந்து போயிருந்தார். அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே பண்ணினியாம்மா?"

"எதை?"

"பல்லை. இப்ப என்னால ஊத முடியல. ஊதலன்னா நான் தோத்துருவேன். தோத்தா காலேஜுக்குத்தானே வரணும். தெரிஞ்சேதான் பண்ணினியா?"

நர்ஸக்கா கையிலிருந்த தட்டோடு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள். அம்மா பக்கத்தில் இருந்த நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"தெரிஞ்சு பண்ணியிருந்தா இவ்வளவு அழகாப் பண்ணியிருப்பேனாடி?"

பீப்பி நம்பினாள். அம்மாவின் கையை அவளுக்குத் தெரியும். கெடுதல் செய்ய நினைக்கிற கை இத்தனை பொறுமையாக வேலை செய்யாது. நம்பியதும்தான் அழுகை வந்தது.

"ஒட்டினதை எடுத்துரலாம்ல?"

"எடுக்கலாம். ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி உடைஞ்ச விளிம்பைத் தேச்சேன். பக்கத்துப் பல்லும் ஒரு இழை நீளமா இருந்துச்சு. வரிசையா இருக்கட்டும்னு..." அம்மா முடிக்கவில்லை.

"அதையும் சீவிட்டியா?"

"சீவிட்டேன்."

இரண்டு வருடம் படித்தவளுக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெட்டினால் வளர்வதற்குப் பல் என்ன நகமா? எடுக்க வேண்டியதை எடுத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, பழைய உருவத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால்தான் உண்டு. அந்தப் பழைய உருவம் எங்கே இருக்கிறது?

உள்ளறை அலமாரி முழுக்க அச்சுகள். தெருவில் உள்ள பாதிப் பேரின் பற்கள் சுண்ணாம்பு வெள்ளையில் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரரின் பல் இருந்தது. அப்பாவின் பல் இருந்தது. மகளின் பல் இல்லை. வாயையே திறக்காதவளுக்கு எங்கிருந்து அச்சு எடுப்பது? மாடிக்குப் போய் ஆல்பங்களைப் பிரித்தார்கள். பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, பேண்டு அணிவகுப்பு, கல்லூரியில் சேர்ந்த நாள். அத்தனையிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஏதோ ரகசியம் தெரிந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள் பீப்பி.

"வாயைத் திறந்து ஒரு போட்டோகூட இல்லையேடி."

"நீதானம்மா மூடச் சொன்ன."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்தது அம்மாவின் பக்கத்தில். அதனால் அம்மாவுக்குச் சாதகமாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "எதுக்கு இவ்வளவு அல்லாடறே? விட்டுட்டா தானா காலேஜுக்குப் போயிடுவா. நீ கேட்டதும் அதுதானே?" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் ஆல்பத்தை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"அவளா வரணும்னுதாங்க கேட்டேன். நான் அவ காலை உடைச்சு, அவ நொண்டிட்டு வரணும்னு கேக்கல."

ஆடிஷனுக்கு முந்தின நாள் கிளினிக்குக்கு விடுமுறை என்று நர்ஸக்கா எல்லோருக்கும் போன் செய்து சொன்னாள். கடைவாய்ப் பல் வீங்கி வந்த லாரி டிரைவர் ஒருவர் மட்டும் நகர மறுத்துவிட்டார். எத்தனை நேரம் ஆனாலும் காத்திருக்கிறேன் என்று கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒட்டிய பசை முழுவதையும் அம்மா எடுத்தாள். தான் செய்ததிலேயே அழகான வேலையைத் தானே சுரண்டி எடுத்தாள். பீப்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதினாள். போர்வை விலகியது, ஆனால் வேறு யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது.

"எப்படிம்மா இருக்கு? எனக்குச் சரியாத் தெரியல."

ஊதுகிறவளுக்குத் தன் சத்தம் மண்டைக்குள்ளிருந்து கேட்கும். வெளியே அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்கிறவருக்குத்தான் தெரியும். அம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"இங்க ஊதினா எனக்குப் புரியாது. மேல உன் ரூம்ல போய் ஊது."

"எதுக்கு?"

"உன் சத்தம் எனக்கு மேலேர்ந்து வந்துதான் பழக்கம்."

பீப்பி ட்ரம்பெட்டோடு மாடிக்கு ஓடினாள். கதவைச் சாத்தி, எப்போதும் நிற்கிற ஜன்னலோரம் நின்று ஊதிவிட்டு இறங்கி வந்தாள்.

"நடுவுல மணல் மாதிரி என்னவோ கரகரங்குது" என்றாள் அம்மா. "உன்னோடதுல மணலே இருக்காது. உக்காரு."

பக்கத்துப் பல்லின் நுனியில் ஊசிமுனை அளவு பசை வைத்து, விளக்கைக் காட்டினாள். பீப்பி மாடிக்குப் போனாள், ஊதினாள், இறங்கினாள்.

"இப்ப மணல் போச்சு. ஆனா உச்சிக்குப் போறப்ப முட்டிக்கிட்டுப் போற. நீ முட்ட மாட்ட, வழுக்கிட்டுப் போவ. உக்காரு."

உடைந்த விளிம்பில் ஒரு இழை சேர்த்தாள். அதிகமாகிவிட்டது. பாதியைத் தேய்த்தாள். மறுபடி மாடி. மறுபடி படி. பீப்பிக்கு மூச்சு வாங்கியது. ஒரு தடவை அவள் இறங்கி வரும்போது டிரைவர் துண்டைத் தளர்த்திக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு டாக்டரம்மா" என்று சிபாரிசு செய்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அவளோடது இல்ல" என்றாள் அம்மா.

அடுத்த தடவை மேலே போகத் திரும்பியவளைக் கூப்பிட்டாள். "சாயங்காலத்துல ஒண்ணு வாசிப்பியே. மெதுவாப் போகும், பாதியில உனக்கே புடிக்காம நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து எடுப்ப. அதை வாசி. அதுலதான் எனக்கு நல்லாத் தெரியும்."

அந்த மெட்டு அவள் யாருக்கும் வாசித்துக் காட்டாதது. தானே போட்டு, தானே அழித்து, தானே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல் என்று ஆள் அனுப்பிய இத்தனை வருடமும், யார் யார் வாய்க்குள்ளேயோ குனிந்துகொண்டு, அம்மா அதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த ஊரில் தன் சத்தம் எது என்று தெரிந்த ஆள் ஒரே ஒருத்திதான், அவள் தன்னை ஊதாதே என்று சொன்னவள். பீப்பிக்குக் கோபம்கூட வரவில்லை. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையில் ட்ரம்பெட் இருந்ததால் படியேறிப் போனாள்.

அந்த மெட்டை எடுத்தாள். முதல் மூச்சிலேயே உதடு தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்வரம் முட்டாமல், இழுக்காமல், தானாகத் திறந்துகொண்டு போனது. பாதியில் நிறுத்தும் இடம் வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. அதற்கு அப்பால் என்ன என்று அவளுக்கே அதுவரை தெரியாது, வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. கடைசிவரை போய் முடித்துவிட்டுக் காத்திருந்தாள். கீழேயிருந்து கூப்பிடும் குரல் வரவில்லை.

இறங்கி வந்து பார்த்தாள். அம்மா அறை நடுவே கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் டிரைவரும் எழுந்து நின்றிருந்தார். அவர் கன்னத்தில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு வந்திருந்தது.

"இதுதான்" என்றாள் அம்மா.

கண்ணாடியில் பார்த்தால் பல் கோணலாக, ஓரம் சாய்ந்து, பக்கத்துப் பல்லோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றது. ஒரு டாக்டர் கை பட்ட பல் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பீப்பிக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெம்பு வந்தது. மறுநாள் நாடக அரங்கில், முகம் தெரியாதபடி தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் நின்று அவள் வாசித்ததும், கேட்டவர்கள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னதும், வேலை அவளுக்கே கிடைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவளைக் கேட்டால், அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது என்பாள்.

ஏனென்றால் அன்றைக்கு, பல் சரியான பிறகும் அம்மா அவளை விடவில்லை. "இரு, இன்னும் ஒரு வேலை பாக்கி" என்று மறுபடி நாற்காலியில் சாய்த்தாள். இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, வளைந்த தட்டில் நிரப்பி, மகளின் வாயில் வைத்து மேல்வரிசையோடு அழுத்திப் பிடித்தாள். அச்சு இறுகுகிறவரை அந்த வாயால் எதுவும் பேச முடியாது.

"இது என்கிட்ட இருக்கும்" என்றாள் அம்மா. "என்னிக்காவது உடைஞ்சா இதே மாதிரி பண்ணிக்கலாம். இனிமே யாரையும் இந்தப் பல்லைத் தொட விடாத. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

பீப்பி தலையை ஆட்டினாள்.

"ஆட்டாத. காலேஜுக்கு இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கட்டும்."

பீப்பியின் கண்கள் விரிந்தன. ஆடிஷன் நாளைக்குத்தானே? அது கிடைக்கும் கிடைக்காது என்று இன்னும் யாருக்கும் தெரியாதே? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தொண்டையிலிருந்து என்னென்னவோ சத்தம் எழுப்பினாள். எல்லா வாயிலிருந்தும் வருகிற அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது அம்மாவுக்குத் தினசரி வேலை.

"கிடைக்கலைன்னா வேற இடத்துல ஊது" என்றாள். "எங்கயும் கிடைக்கலைன்னா மேல வந்து ஊது. நான் கீழதானே இருக்கேன்."

பீப்பியின் கண்ணிலிருந்து வழிந்தது கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை நனைத்தது. அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். அம்மா தட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாதடி. அச்சு கலைஞ்சிடும்."